மாற்றுச் சிறுநீரகமும் புற்றுநோயும்: பன்னிரண்டாம் பிரிவு யாருக்காக எழுதப்பட்டது?

மத்தூர் ஒன்றியத்தில், கிருஷ்ணகிரி – ஊத்தங்கரை நெடுஞ்சாலையிலிருந்து சற்று உள்ளடங்கிய காலனி ஒன்றிலிருந்து ஒரு கணவனும் மனைவியும் கடந்த ஆண்டு என்னைத் தேடி வந்தனர். அவர்கள் வந்தது வருமானச் சான்றிதழுக்காக. முதலமைச்சரின் காப்பீட்டு அட்டையைப் புதுப்பிக்க அது தேவைப்பட்டது. வட்டாட்சியர் அலுவலகத்தில் மூன்று முறை திருப்பி அனுப்பியிருந்தார்கள். எதற்காக அட்டை என்று கேட்டபோதுதான் முழுக் கதையும் வெளிவந்தது.

கணவருக்கு நாற்பது வயதைக் கடந்துவிட்டது. கருங்கல் மெருகேற்றும் பட்டறையில் நெடுங்காலம் வேலை பார்த்தவர். இரு சிறுநீரகங்களும் செயலிழந்து, ஓராண்டுக்கும் மேலாக டயாலிசிஸ் செய்துகொண்டிருந்தார். பிறகு மனைவி தம்முடைய சிறுநீரகம் ஒன்றைக் கொடுத்தார். அறுவை நன்றாகவே முடிந்தது. ஏறத்தாழ ஆறு ஆண்டுகள் அந்தச் சிறுநீரகம் குறையின்றி வேலை செய்தது, இன்றும் செய்கிறது. ஆனால் கழுத்தில் ஒரு கட்டி தோன்றியது. அருகிலிருந்த மருத்துவர் ஒருவர் காசநோய்க் கட்டி என்று சொல்லி, சதைத் துணுக்கெடுத்துச் சோதிக்காமலேயே காசநோய் மருந்தைத் தொடங்கிவிட்டார். நான்காம் மாதம் கட்டி இரு மடங்கானது. அதன்பின் பெரிய மருத்துவமனையில் எடுத்த சோதனையில் லிம்போமா எனத் தெரிந்தது. மாற்றுச் சிறுநீரகம் பெற்றவர்களுக்கு வரும் புற்றுநோய்களில் நன்கு அறியப்பட்ட வகை அது. அங்கிருந்த மருத்துவர், இந்த மாத்திரைகளை உண்பவர்களுக்கு இப்படி வருவதுண்டு என்று இயல்பாகச் சொன்னாராம். அந்த இயல்புதான் அந்த அம்மாவை உலுக்கியிருக்கிறது.

“வரும்னு அவங்களுக்குத் தெரியுமாம் தம்பி. எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா கழுத்துல கட்டிய வச்சிக்கிட்டு நாலு மாசம் வேற மாத்திரை தின்னுக்கிட்டு இருந்திருப்பமா?” என்றார்.

நான் அவரிடம் ஆறுதலாக ஏதோ சொன்னேன். அது கேள்விக்கு விடையாகாது என்று அப்போதே தெரிந்தது. அந்தக் கேள்வியைச் சட்டத்தின் கேள்வியாகவும் அரசியல் கேள்வியாகவும் எடுத்துக்கொண்டு எழுதுவதே இக்கட்டுரை. அவர்களின் அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை விட்டுவிட்டேன்.

முதலில், அறிவியலுக்குத் தெரிந்தது என்ன?

ஒருவர் உடலில் இன்னொருவரின் உறுப்பைப் பொருத்தினால் உடல் அதை அயற்பொருளாகக் கண்டு தாக்கும். 1954இல் அமெரிக்காவின் பாஸ்டனில் ஜோசப் மரே செய்த முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று, ஒத்த இரட்டையரிடையே நடந்ததால் அந்தத் தாக்குதல் இல்லை. இரட்டையர் அல்லாதவர்களுக்கு, உடலின் எதிர்ப்பாற்றலைத் தணிக்கும் மருந்துகள் வேண்டும். முதலில் அசதயோபிரினும் ஸ்டீராய்டும், 1980களில் சைக்ளோஸ்போரின், இன்று பெரும்பாலும் டாக்ரோலிமஸ், மைக்கோபீனோலேட், பிரட்னிசலோன் மூன்றும் சேர்ந்து. வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் 1971இல் நடந்ததே இந்தியாவின் முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று. அன்று முதல் இந்த மருந்துகளின் வரலாறு நம் மாநிலத்தின் வரலாறும்கூட.

எதிர்ப்பாற்றலைத் தணிக்கும்போது அது மாற்றுச் சிறுநீரகத்தை மட்டும் விட்டுவைப்பதில்லை. அன்றாடம் நம் உடலில் பிறழும் உயிரணுக்களையும், உடலுக்குள் பதுங்கியிருக்கும் வைரஸ்களையும் அதே ஆற்றல்தான் அடக்கி வைத்திருக்கிறது. சிறுவயதிலேயே நம்மில் பெரும்பாலோரைத் தொற்றி வாழ்நாள் முழுதும் உறங்கும் எப்ஸ்டீன்–பார் வைரஸ், காவல் தளர்ந்ததும் விழித்து லிம்போமாவுக்கு வழிவகுக்கிறது. எச்.பி.வி. வைரஸ் கருப்பைவாய்ப் புற்றுக்கும், மஞ்சள்காமாலை பி, சி வைரஸ்கள் கல்லீரல் புற்றுக்கும் இட்டுச் செல்கின்றன. இவை தவிர, சில மருந்துகள் தாமே உயிரணுக்களைப் பாதிக்கின்றன. அசதயோபிரின் தோலை வெயிலின் புறஊதாக் கதிருக்கு எளிதில் பலியாக்கும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை அசதயோபிரின், சைக்ளோஸ்போரின் இரண்டையும் மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்குவனவற்றின் முதல் தொகுதியில் வைத்திருக்கிறது. புகையிலையும் கல்நாரும் இருக்கும் அதே தொகுதி.

இது புதிதாகக் கண்டறியப்பட்ட செய்தியன்று. இஸ்ரேல் பென் என்ற அறுவை மருத்துவர் 1960களின் இறுதியிலேயே மாற்றுறுப்பு பெற்றோரின் புற்றுநோய்களுக்கெனத் தனிப் பதிவேட்டைத் தொடங்கிவிட்டார். 2006இல் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து நோயாளிகள் 28,855 பேரை ஆராய்ந்த ஆய்வு, மாற்றுக்குப் பிறகு புற்றுநோய் பொதுமக்களைவிட மூன்று மடங்குக்கும் சற்று மேல் என்றது. டயாலிசிஸ் காலத்தில் அந்தக் கூடுதல் மிகக் குறைவு. 2011இல் அமெரிக்காவில் பல்வகை உறுப்பு மாற்றுப் பெற்ற 1,75,732 பேரின் பதிவுகளை ஆராய்ந்தபோது, மொத்தத்தில் இரு மடங்கு ஆபத்து தென்பட்டது. முப்பத்திரண்டு வகைப் புற்றுநோய்கள் கூடியிருந்தன. ஹாட்ஜ்கின் அல்லாத லிம்போமா மட்டும் ஏழு மடங்குக்கு மேல்.

இந்த மடங்குக் கணக்கைக் கண்டு அஞ்சி எவரும் மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. நிறுத்தினால் சிறுநீரகம் போகும், மீண்டும் டயாலிசிஸ்தான். டயாலிசிஸில் இருப்பதைவிட மாற்றுப் பெற்றவர் நீண்ட நாள் வாழ்கிறார் என்பதில் மருத்துவ உலகில் ஐயமில்லை. மாற்றுப் பெற்றவர்களில் பெரும்பாலோருக்குப் புற்றுநோய் வருவதில்லை என்பதும் உண்மை. ஆபத்து இருக்கிறது, அதைக் கண்காணிக்க முடியும், முன்கூட்டிக் கண்டால் பல நேரங்களில் மருந்தளவைக் குறைத்தோ மாற்றியோகூட எதிர்கொள்ள முடியும் என்பதே என் வாதத்தின் அடிப்படை. 1998இல் லான்செட் இதழில் வந்த பிரெஞ்சு ஆய்வொன்று சைக்ளோஸ்போரின் அளவைக் குறைத்தவர்களிடம் புற்றுநோய் குறைந்ததையும், சிறுநீரகத்தை உடல் நிராகரிப்பது கூடியதையும் ஒருசேரக் காட்டியது. இது தராசு போன்ற விவகாரம். மருந்தின் அளவை இரத்தத்தில் அளந்துகொண்டே இருக்க வேண்டும். அளப்பதற்கு வசதி இருக்கும் இடத்துக்கு நோயாளி போய்ச் சேர வேண்டும்.

இந்தியாவில் இந்தப் புற்றுநோய் குறைவு என்று சொல்லப்படுவதுண்டு. ஓரளவு உண்மை. வெள்ளைத் தோலினரை அதிகம் தாக்கும் தோல் புற்று நம்மிடையே குறைவு. இங்கிருந்து வெளிவந்த மருத்துவமனைப் பதிவுகளில் லிம்போமாவே முன்னால் நிற்கிறது. ஆனால் புற்றுநோய் வர ஒருவர் உயிரோடு இருக்க வேண்டும். நம் நோயாளிகளில் பலர் முதல் சில ஆண்டுகளிலேயே காசநோய் முதலான தொற்றுகளால் இறக்கிறார்கள். இன்னும் பலர் மறுபரிசோதனைக்கு வருவதை நிறுத்திவிடுகிறார்கள். வராதவர் மருத்துவமனை ஏட்டில் ‘தொடர்பு அற்றவர்’ ஆகிறார். அவர் மத்தூரில் எந்த நோயால் இறந்தார் என்பது எந்த ஆய்விலும் சேராது. குறைவு என்று நாம் படிக்கும் எண், இத்தனை பேரைக் கழித்துவிட்டு வந்த எண்.

இனி சட்டத்துக்கு வருவோம். என் தொழில் அதுதான்.

1994ஆம் ஆண்டின் மனித உறுப்பு மாற்றுச் சட்டம், சிறுநீரக விற்பனையைத் தடுப்பதற்கான சட்டம் என்றே பொதுவாக அறியப்படுகிறது. வில்லிவாக்கத்துக்குச் ‘சிறுநீரகவாக்கம்’ என்று பெயர் வந்த காலத்தில் இயற்றப்பட்டது என்பதால் அப்படி அறியப்படுவதில் வியப்பில்லை. ஆனால் அதன் பன்னிரண்டாம் பிரிவைப் படித்தவர்கள் வழக்கறிஞர்களிலேயே குறைவு. உறுப்பை எடுப்பதிலும் பொருத்துவதிலும் நேரக்கூடிய எல்லா விளைவுகளையும், சிக்கல்களையும், ஆபத்துகளையும் கொடுப்பவருக்கும் பெறுபவருக்கும் அவரவர்க்குரியவாறு விளக்காமல் எந்தப் பதிவு பெற்ற மருத்துவரும் அந்த அறுவையில் இறங்கக் கூடாது என்கிறது அப்பிரிவு. ‘எல்லா’ என்ற சொல்லைக் கவனியுங்கள். ‘முக்கியமான’ என்றோ ‘வழக்கமான’ என்றோ சட்டம் சொல்லவில்லை.

இதற்கு நேர் எதிரே வைத்துப் படிக்க வேண்டியது, மருத்துவ ஒப்புதல் பற்றி உச்ச நீதிமன்றம் 2008இல் சமீரா கோலி வழக்கில் வழங்கிய தீர்ப்பு. நோயாளியின் ஒப்புதலின்றி மருத்துவர் தம் விருப்பப்படி அறுவையை விரிவாக்க முடியாது என்று நிலைநாட்டிய வகையில் அது நல்ல தீர்ப்பு. ஆனால் எவ்வளவு சொல்ல வேண்டும் என்ற கேள்வியில் நீதிமன்றம் தயங்கியது. அமெரிக்க நீதிமன்றங்கள் கேட்கும் அளவுக்கான விளக்கத்தை இந்தியாவில் கேட்க இயலாது என்றது. மிகத் தொலைவான, ஏட்டளவிலான ஆபத்துகளை விளக்கத் தேவையில்லை என்றது. அதற்கு அடுக்கிய காரணங்களில் ஒன்று, இங்கே மருத்துவம் தேடி வருவோரில் மிகப் பலர் ஏழைகள், எழுத்தறிவு குறைந்தவர்கள், மருத்துவச் சொற்கள் அவர்களுக்குப் புரியாது என்பது.

இதை முதன்முறை சட்டக் கல்லூரி மாணவனாகப் படித்தபோது கடந்து போய்விட்டேன். இப்போது படிக்கும்போது நிற்க வேண்டியிருக்கிறது. கல்வி மறுக்கப்பட்டவர் என்பதே அவருக்குக் குறைவாகச் சொல்வதற்கான நியாயம் ஆகிறது. நூற்றாண்டுகளாக எழுத்தைத் தொடவிடாமல் வைத்திருந்த சமூகத்தின் பிள்ளைகளிடம், உங்களுக்கு எழுத்துப் புரியாது, ஆகவே சுருக்கமாகச் சொல்கிறோம் என்று சொல்வது போன்றது இது. நீதிபதிகள் சாதியை மனத்தில் வைத்து எழுதினார்கள் என்று நான் சொல்லவில்லை. அந்த அளவுகோல் யார்மீது விழும் என்பதைத்தான் சொல்கிறேன்.

நல்வாய்ப்பாக, உறுப்பு மாற்று விவகாரத்தில் அந்த அளவுகோல் பொருந்தாது என்பது என் கருத்து. சமீரா கோலி வழக்கு பொதுவான மருத்துவச் சேவை பற்றியது. உறுப்பு மாற்றுக்கோ நாடாளுமன்றம் தனிச் சட்டம் இயற்றி, எல்லா ஆபத்துகளையும் சொல் என்று கட்டளையிட்டிருக்கிறது. சிறப்புச் சட்டம் இருக்கும் இடத்தில் பொதுக் கோட்பாடு பின்வாங்க வேண்டும். அப்படியே சமீரா கோலியை ஏற்றாலும், இரண்டு மூன்று மடங்காகக் கூடும் ஆபத்தை, அரை நூற்றாண்டாகப் பாடநூலில் இருக்கும் ஆபத்தை, ‘தொலைவான ஆபத்து’ என்று எந்த மருத்துவமனை வாதாட முடியும்?

நடைமுறையில் என்ன நடக்கிறது? அந்தக் கணவர் கொண்டுவந்த கோப்பைப் புரட்டினேன். ஆங்கிலத்தில் அச்சிட்ட படிவங்கள். ஆபத்துகள் குறித்து ஒரே வரி: ‘விளக்கப்பட்டது’. அதற்குக் கீழே கையெழுத்து, கைநாட்டு. எந்த ஆபத்து, எந்த மொழியில், யார் விளக்கினார் என்பது இல்லை. மருத்துவர்களைக் குறைசொல்வது எளிது. புறநோயாளர் பிரிவில் ஒருவருக்கு ஐந்து நிமிடம்கூடக் கிடைக்காத கூட்டத்தில் அவர்கள் வேலை செய்கிறார்கள். புற்றுநோய் என்று சொன்னால் பயந்து மாத்திரையை நிறுத்திவிடுவார்களோ என்ற அச்சமும் அவர்களுக்கு இருக்கிறது. என்னிடம் ஒரு மருத்துவ நண்பர் அதை மனம் திறந்து சொன்னார். அந்த அச்சத்தை நான் மதிக்கிறேன். ஆயினும், சொன்னால் நிறுத்திவிடுவார் என்று எண்ணப்படுபவர் யார், சொன்னால் புரிந்துகொள்வார் என்று எண்ணப்படுபவர் யார் என்பதையும் பார்க்கத்தான் வேண்டும். பெங்களூரில் தனியார் மருத்துவமனையில் மாற்றுப் பெறும் மென்பொருள் பொறியாளர் இணையத்தில் தேடிப் படித்துவிட்டுக் கேள்விகளோடு போய் உட்காருகிறார். மத்தூர் காலனியிலிருந்து போகிறவர் கேள்வி கேட்டால் ‘நீ டாக்டரா’ என்று பதில் வரும்.

பன்னிரண்டாம் பிரிவில் ஒரு குறையும் உண்டு. கொடுப்பவருக்கு அவருடைய ஆபத்து, பெறுபவருக்கு அவருடைய ஆபத்து என்று அது பிரித்துவிடுகிறது. இந்தியாவில் உயிரோடு சிறுநீரகம் தருவோரில் பெரும்பான்மையினர் பெண்கள், பெறுவோரில் பெரும்பான்மையினர் ஆண்கள். மனைவி கொடுப்பது, கணவர் நலமாக இருப்பார் என்ற நம்பிக்கையில். அந்த நலத்துக்கு என்னென்ன வரம்புகள் உண்டு என்பதை அவரிடம் சொல்லும் கடமை யாருக்கும் இல்லை. சொல்லியிருந்தாலும் அவர் கொடுத்திருப்பார் என்றே நினைக்கிறேன். அவரே அப்படித்தான் சொன்னார். கொடுத்த பிறகு எதைக் கவனிக்க வேண்டும் என்பது தெரிந்திருக்கும், அவ்வளவுதான்.

சிறுநீரகம் எப்படிக் கெடுகிறது என்பதிலிருந்தே இந்தச் சமனின்மை தொடங்கிவிடுகிறது. தமிழ்நாட்டு மருத்துவர்கள் 125 ஊர்களில் 3,350 விவசாயத் தொழிலாளர்களிடம் நடத்திய ஆய்வு 2025இல் வெளிவந்தது. ஏறத்தாழ ஐந்து விழுக்காட்டினருக்கு நாள்பட்ட சிறுநீரக நோய் இருந்தது. அவர்களில் பாதிப்பேருக்கு நீரிழிவு, இரத்த அழுத்தம் போன்ற வழக்கமான காரணம் எதுவும் இல்லை. வெயிலில் நீரின்றி நாள் முழுதும் உழைப்பதோடு இதைத் தொடர்புபடுத்துகிறார்கள் ஆய்வாளர்கள். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் வெயிலில் குனிந்து நிற்பது யார்? கல்குவாரியில் பாறை உடைப்பவர், செங்கல் சூளையில் கல் அடுக்குபவர், மாந்தோப்பில் கூலிக்குக் காய் பறிப்பவர். இவர்களில் எத்தனை பேர் காலனிகளிலிருந்து வருகிறார்கள் என்பதை மத்தூர், பர்கூர், ஊத்தங்கரைப் பக்கம் காலை ஆறு மணிக்கு நின்று பார்த்தால் போதும். கருங்கல் பட்டறைகளின் சிலிக்கா தூசு நுரையீரலோடு நிற்பதில்லை, சிறுநீரகத்தையும் தாக்கும். 2024இல் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. ஒரே நாளில் சுருண்டு விழுந்து இறப்பவருக்கு அதில் இழப்பீடு உண்டு. இருபது கோடைகளில் சிறுகச் சிறுகச் சிறுநீரகத்தை இழப்பவருக்கு இல்லை.

மாற்றுச் சிறுநீரகம் பெற்று வீடு திரும்பிய பின்பும் அதே வெயில்தான். மாற்றுப் பெற்றவர் நேரடி வெயிலைத் தவிர்க்க வேண்டும், முழுக்கை உடுத்த வேண்டும் என்பது மருத்துவ வழிகாட்டுதல். நூறு நாள் வேலைக்குப் போகிறவர் அதை எங்கே கடைப்பிடிப்பது? புகையிலையும் இருக்கிறது. குட்காவும் மெல்லும் புகையிலையும் தமிழ்நாட்டில் 2013 முதல் தடை செய்யப்பட்டவை. பெங்களூரிலிருந்து ஓசூர் வழியாக மூட்டை மூட்டையாக வந்து பிடிபடுவது வாரச் செய்தி. நெடுநேரம் பசியையும் அலுப்பையும் மறக்க அதை வாயில் அடக்கும் தொழிலாளிக்கு, எதிர்ப்பாற்றலும் தணிக்கப்பட்டிருந்தால் வாய்ப் புற்றின் கதை வேகம் பிடிக்கும். இதையும் யாராவது அவரிடம் சொல்ல வேண்டும்.

மறுபரிசோதனைக்கான பயணத்தைப் பார்ப்போம். கிருஷ்ணகிரியிலிருந்து சென்னை ஏறத்தாழ 250 கிலோமீட்டர். பெங்களூர் 90 கிலோமீட்டர்தான், ஆனால் அது வேறு மாநிலம், வேறு திட்டம், வேறு பதிவேடு. 2022 சனவரியில் திறக்கப்பட்ட கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி கைக்கெட்டும் தொலைவில் இருக்கிறது. அறுவை நடந்த மருத்துவமனையில்தான் மாத்திரையும் மறுபரிசோதனையும் என்றால், ஒவ்வொரு முறையும் ஒருவர் மட்டும் போனாலே இரண்டு நாள் கூலி போகும். அரசு மருத்துவமனையில் மாத்திரை இலவசம் என்பது பெரிய விஷயம், அதைச் சிறுமைப்படுத்த மாட்டேன். பயணமும் கூலியும் இலவசமில்லை. இப்படித்தான் மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்பது ஆறு மாதமாகி, ஆறு மாதம் ‘உடம்பு நல்லாத்தானே இருக்கு’ என்பதில் முடிகிறது.

தமிழ்நாடு உறுப்பு மாற்றில் இந்தியாவுக்கே முன்னோடி என்று பெருமைப்படுகிறோம். பெருமைப்படக் காரணமும் உண்டு. 2008இல் தொடங்கிய மூளைச்சாவு உறுப்புக் கொடைத் திட்டம், 2014இல் டிரான்ஸ்டான் ஆணையம், 2009 முதல் ஏழைகளுக்கான காப்பீட்டுத் திட்டம், 2023 முதல் உறுப்புக் கொடையாளர்களின் உடலுக்கு அரசு மரியாதை. இவற்றால் மாற்றுச் சிறுநீரகம் என்பது பணக்காரர்களுக்கு மட்டும் உரியது என்ற நிலை மாறியிருக்கிறது. ஆனால் இந்தப் பெருமிதத்தின் கணக்கில் எண்ணப்படுவது அறுவைகள். அறுவைக்குப் பத்து ஆண்டுகள் கழித்து எத்தனை பேர் இருக்கிறார்கள், எத்தனை பேருக்குப் புற்றுநோய் வந்தது, அவர்களில் பட்டியல் சாதியினர் எத்தனை பேர் என்ற கணக்கைப் பொதுமக்கள் பார்க்கும் இடத்தில் நான் கண்டதில்லை.

சிறுநீரகம் செய்தியாகும்போதும் இதே கதைதான். 2025 சூலையில் பள்ளிப்பாளையம் விசைத்தறித் தொழிலாளர்கள் கடனுக்காகச் சிறுநீரகம் விற்றது வெளியானது. இரண்டு தனியார் மருத்துவமனைகளின் மாற்று உரிமம் நிறுத்திவைக்கப்பட்டது. ஆகஸ்டில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சிறப்புப் புலனாய்வுக் குழு அமைத்தது. அது வேண்டிய நடவடிக்கை. 2001இல் சென்னையில் சிறுநீரகம் விற்ற 305 பேரிடம் எடுத்து, அடுத்த ஆண்டு வெளியான ஆய்விலேயே எல்லாம் தெரிந்துவிட்டது: 96 விழுக்காட்டினர் விற்றது கடனை அடைக்க, விற்ற பின்னர் குடும்ப வருமானம் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது, 86 விழுக்காட்டினரின் உடல்நிலை மோசமானது. இருபத்து நான்கு ஆண்டுகள் கழித்து அதே கதை. ஏழையின் சிறுநீரகம் உடலிலிருந்து வெளியே போகும்போது மட்டுமே நம் சட்டமும் ஊடகமும் விழிக்கின்றன. ஏழையின் உடலுக்குள் ஒரு சிறுநீரகம் வந்த பிறகு நடப்பது எவருக்கும் செய்தியில்லை.

செய்ய முடியாத எதையும் நான் கேட்கவில்லை. அமெரிக்காவின் 2011 ஆய்வு எப்படி நடந்தது? மாற்றுறுப்புப் பதிவேட்டையும் பதின்மூன்று புற்றுநோய்ப் பதிவேடுகளையும் கணினியில் இணைத்துப் பார்த்தார்கள், அவ்வளவே. தமிழ்நாட்டில் டிரான்ஸ்டானிடம் மாற்றுப் பதிவுகள் இருக்கின்றன. மாநிலம் முழுவதற்குமான புற்றுநோய்ப் பதிவேட்டை அடையாறு புற்றுநோய் நிறுவனம் 2012 முதல் நடத்திவருகிறது. இரண்டும் ஒரே நகரத்தில் இருக்கின்றன. அந்தரங்கத்தைக் காத்து, பெயரை மறைத்து, சாதி, தொழில், மாவட்டம் ஆகியவற்றோடு அவற்றை இணைத்துப் பார்க்க ஓர் அரசாணை போதும்.

‘மக்களைத் தேடி மருத்துவம்’ 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கப்பட்டது எங்கே? இதே கிருஷ்ணகிரி மாவட்டத்தின் சாமனப்பள்ளியில். நீரிழிவு, இரத்த அழுத்த மாத்திரைகளோடு, வீட்டிலேயே வயிற்று வழி டயாலிசிஸ் செய்துகொள்வோருக்கான பைகளையும் வீடு தேடிக் கொடுக்கும் திட்டம் அது. டயாலிசிஸ் பை வரும் வீட்டுக்கு, மாற்றுப் பெற்றவரின் கழுத்தையும் அக்குளையும் வாயையும் தோலையும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்க்கத் தெரிந்த ஒரு செவிலியரும் வரலாம். ஆண்டுக்கொருமுறை தோல் பரிசோதனை, பெண்களுக்குக் கருப்பைவாய், மார்பகச் சோதனை, கல்லீரல் சுருங்கியவருக்கு ஸ்கேன் ஆகியவை மாற்றுப் பெற்றவர்களுக்கான பன்னாட்டு வழிகாட்டுதலில் 2009 முதலே உள்ளவை. வாய், மார்பகம், கருப்பைவாய்ப் புற்றுகளுக்கான வீடுசார் கண்டறிதலைத் தமிழ்நாடு அரசு 2023இல் ஈரோடு, இராணிப்பேட்டை, கன்னியாகுமரி, திருப்பத்தூர் மாவட்டங்களில்தான் முதலில் தொடங்கியது. திருப்பத்தூர் எங்கள் பக்கத்து மாவட்டம். அத்தகைய திட்டம் எங்கு நடந்தாலும், அதில் மாற்றுச் சிறுநீரகம் பெற்றோரை வயது பாராமல் முதல் வரிசையில் நிறுத்த வேண்டும். காசநோய்க் கட்டி என்று கருதும் எந்தக் கட்டியையும் மாற்றுப் பெற்றவரிடம் சதைத் துணுக்குச் சோதனையின்றி மருந்தால் குணப்படுத்த முனையக் கூடாது என்று ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கும் தனியார் மருத்துவர்களுக்கும் ஒரு சுற்றறிக்கை அனுப்பலாம். காசநோய்க்குத் தரும் ரிபாம்பிசின், இரத்தத்தில் டாக்ரோலிமஸ் அளவைச் சரித்துவிடும். தவறான நோய்க்கு மருந்து தின்ற அந்த நான்கு மாதங்களில் அவர் மாற்றுச் சிறுநீரகத்தையே இழந்திருக்கக்கூடும்.

பணம் எங்கே என்று கேட்பவர்களுக்கு: 2024இல் தமிழ்நாடு சட்டமன்றம் ஆதிதிராவிடர், பழங்குடியினர் வளர்ச்சிச் செயல் திட்டச் சட்டத்தை நிறைவேற்றியது. மக்கள்தொகைக்கேற்ற நிதியை ஒதுக்கி, அதை அந்த மக்களுக்கே செலவிட வேண்டும் என்பது அதன் சாரம். பொதுச் சாலைக்கும் பொதுக் கட்டடத்துக்கும் அந்த நிதியைக் கணக்குக் காட்டும் பழைய வழக்கத்துக்கு மாற்றாக, மறுபரிசோதனைக்கு வரும் பட்டியலின நோயாளிக்கும் உடன் வருபவருக்கும் பயணப்படியும் இழந்த கூலியும் தருவதற்கு அதிலிருந்து எடுக்கலாம். சட்டத்தில் அதற்குத் தடையேதும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

ஓசூர், போச்சம்பள்ளி, பர்கூர் சிப்காட் ஆலைகளில் வேலை செய்வோருக்கு இ.எஸ்.ஐ. இருக்கிறதே என்பார்கள். அண்ணல் அம்பேத்கர் வைஸ்ராய் அவையில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தபோது பி.பி.அதார்க்கர் 1944இல் அளித்த அறிக்கையிலிருந்து பிறந்தது அந்தத் திட்டம். புற்றுநோய், நாள்பட்ட சிறுநீரகச் செயலிழப்பு உள்ளிட்ட முப்பத்து நான்கு நீண்டகால நோய்களுக்கு எண்பது விழுக்காடு ஊதியத்தோடு இரண்டு ஆண்டுகள் வரை விடுப்புதவி அதில் உண்டு. நிபந்தனை, இரண்டு ஆண்டு தொடர் பணி. ஒப்பந்ததாரர் மாறும்போதெல்லாம் புது ஆளாக எழுதிக்கொள்ளப்படும் தொழிலாளி அந்த இரண்டு ஆண்டைக் காகிதத்தில் எப்படிக் காட்டுவார்? காலனி இளைஞர்களில் பெரும்பாலோர் அந்த ஆலைகளுக்குள் போவது ஒப்பந்ததாரரின் பேருந்தில்தான்.

வருமானச் சான்றிதழ் ஒரு வழியாகக் கிடைத்துவிட்டது. அட்டை புதுப்பிக்கப்பட்டது. மாத்திரையின் அளவைக் குறைத்து, லிம்போமாவுக்கான ஊசி தொடங்கியிருக்கிறார்கள், கட்டி சுருங்கிவருகிறது. உறுப்பு மாற்றுச் சட்டத்தின் 22ஆம் பிரிவின்படி, உரிய அதிகார அமைப்பின் புகாரில்தான் நீதிமன்றம் வழக்கை எடுக்கும். மற்றவர் புகார் செய்ய விரும்பினால் அந்த அமைப்புக்கு அறுபது நாள் முன்னறிவிப்புத் தர வேண்டும். அந்தக் குடும்பத்தினருக்கு எவரையும் சிறைக்கு அனுப்பும் விருப்பமில்லை. மருத்துவமனையும் மருத்துவர்களும் வேண்டும் என்கிறார்கள், அது சரியும்கூட. எனவே வேறு வழியில் போகிறோம். பன்னிரண்டாம் பிரிவின்கீழ் விளக்கப்பட வேண்டிய ஆபத்துகளின் பட்டியலை, புற்றுநோய் உட்பட, தமிழிலும் எல்லை மாவட்டங்களில் தெலுங்கு, கன்னடத்திலும் வாய்மொழியாகவும் எழுத்தாகவும் தர வேண்டும். ஒப்புதல் படிவத்தின் நகல் கொடையாளருக்கும் பெறுபவருக்கும் கொடுக்கப்பட வேண்டும். வீடு திரும்பும்போது கவனிக்க வேண்டிய அறிகுறிகள் எழுதிய ஓர் அட்டை தர வேண்டும் என்று டிரான்ஸ்டானுக்கும் சுகாதாரத் துறைக்கும் மனு ஒன்று தயாராகிறது. பதில் வராவிட்டால் உயர் நீதிமன்றத்துக்குப் போவோம்.

அதற்கு ஒரே ஒரு கோப்பு போதாது. மாற்றுச் சிறுநீரகம் பெற்றவரோ கொடுத்தவரோ உங்கள் குடும்பத்தில், உங்கள் ஊரில் இருந்தால், அவர்கள் கையெழுத்திட்ட ஒப்புதல் படிவத்தின் நகலை மருத்துவமனையிடம் எழுத்து மூலம் கேளுங்கள். மருத்துவப் பதிவேடுகளைக் கேட்டுப் பெறுவது நோயாளியின் உரிமை. அந்தப் படிவத்தில் ஆபத்துகள் என்ற இடத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். உங்களிடம் என்ன சொன்னார்கள், என்ன மொழியில் சொன்னார்கள் என்பதை நினைவிருக்கும்போதே தேதியோடு எழுதி வையுங்கள். கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் கட்டி, ஆறாத வாய்ப்புண், மாறும் மச்சம், காரணமின்றிக் குறையும் எடை, மாதவிலக்கு நின்ற பின் இரத்தப்போக்கு, இவற்றில் எது இருந்தாலும் மாத்திரையை நிறுத்தாமல், மாற்றுச் சிறுநீரகம் பெற்றவர் என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லி, உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்.